நாயனத்துக்கு ஜலதோஷம்

ஜானகிராமன் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார். சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு, எதுவுமே நடக்காதது போல ஓட்டுக் கூரையைப் பார்த்தார்.

"இன்னா சிகாமணி, நாயனத்துக்கு ஜலதோஷம் புடிச்சிருக்கா?"

அவ்வளவுதான். கூடத்தில் உட்கார்ந்திருந்த நாலு பேரும் சிரித்தார்கள். தெய்வசிகாமணியும் சிரித்தார். சிரிக்காவிட்டால் அழவேண்டி வரும் என்பதால் சிரித்தார்.

அவர் மேரியில், அதாவது நகராட்சி ஆபீசில், பிறப்பு இறப்புப் பதிவேடு எழுதுகிற குமாஸ்தா. ஊரில் யார் பிறந்தாலும், யார் செத்தாலும் அவர் கையெழுத்தில்தான். ஆனாலும் ஆபீசில் அவர் பேச்சை அவர் உட்காருகிற நாற்காலிகூடக் கேட்காது. திங்கள் முதல் சனி வரை நிலைமை அதுதான். ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு மட்டும், நெல்லித்தோப்பில் அவருடைய வீட்டுக் கூடத்தில், அவர் ஒரு ராஜா. அந்த ராஜாங்கத்துக்குக் காரணம் ஒரு வால்வு செட்.

எழுபதாம் வருஷம் ஒரு சொல்தா குடும்பம், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர் குடும்பம், வீட்டைக் காலி செய்துகொண்டு பாரீசுக்குப் போனது. விமானத்தில் ஏற்ற முடியாத கனம் என்று அவர்கள் விட்டுப்போன ஆம்ப்ளிபயர் அது. கறுப்பு இரும்புத் தட்டு. அதன்மேல் கண்ணாடிக் குப்பிகள். முன்வரிசையில் சின்னதாக மூன்று, பின்வரிசையில் உயரமாக இரண்டு. சுவிட்சைப் போட்டால் ஒவ்வொன்றின் வயிற்றிலும் மெல்ல ஒரு செம்மஞ்சள் வெளிச்சம் ஊறும். சின்னது மூன்றும் இசைத்தட்டிலிருந்து சத்தத்தை வாங்கிக்கொள்ளும். பின்னால் நிற்கிற இரண்டும்தான் அதற்குத் தோள்கொடுத்து ஸ்பீக்கருக்குத் தள்ளும். அவற்றுக்குப் பவர் வால்வு என்று பெயர். இதையெல்லாம் தெய்வசிகாமணி வாரா வாரம் சொல்லுவார். கேட்காதவர்களுக்கும் சொல்லுவார்.

"செட்டு யார் வேணா வாங்கலாம் சார். காது? அது வரம். தவில்காரர் விரல்ல போட்டிருக்கிற கூடு அஞ்சுல எது தளர்ந்திருக்குன்னு நான் சொல்லுவேன்."

அந்தக் காதுக்காரர் வீட்டு நாயனத்துக்குத்தான் ஜலதோஷம் என்று ஹெட்கிளார்க் ஜானகிராமன் சொல்லிவிட்டார். அவர் சங்கீதம் தெரிந்தவர். தப்பாகச் சொல்ல மாட்டார். அதுதான் தெய்வசிகாமணியைக் கொன்றது.

மறுநாள் காலையில் மைக் செட் கன்னியப்பன் வந்து பார்த்தான். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் வாடகைக்கு மைக் செட் கட்டுகிறவன். செட்டைச் சுற்றி வந்து இரண்டு முறை தட்டிப் பார்த்தான். பிறகு வாசலுக்கு வந்து, வைத்தியன் மாதிரி குரலைத் தாழ்த்தினான்.

"ரெண்டும் தளர்ந்துபோச்சுண்ணே. வால்வு மாத்திட வேண்டியதுதான்."

"மாத்துனா சரியாய்டுமா?"

"புது ஜோடி ஒண்ணு இருக்குது. பிரெஞ்சு. பொட்டி பிரிக்காதது. இன்னா ஜொலிப்புன்றீங்க!"

"அஞ்சலைக்குத் தெரியக் கூடாதுப்பா."

"அண்ணி ஊட்ல இல்லாத நேரமா சொல்லுங்க. கொண்டாந்து உட்டுர்றேன்."

"சனிக்கெழம. தங்கச்சி ஊட்டுக்கு முதலியார்பேட்டைக்குப் போறா."

தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுச் செல்வாம்பாளின் குடம் நிரம்பி வழிந்தது. அவள் கவனிக்கவில்லை. அவள் கவனிக்கவில்லை என்பதை இவர்கள் கவனிக்கவில்லை.

மனைவி அஞ்சலாட்சிக்குத் தெரியக்கூடாது என்றதற்குக் காரணம் இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒருநாள் செட்டுக்குள் திருப்புளியை விட்டு எதையோ சீர்திருத்தப் போனார் தெய்வசிகாமணி. செட் அவரைச் சீர்திருத்தியது. எதிர்ச் சுவரில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு, பிறகு வழுக்கி இறங்கினார். தெருவிலே பதினாலு வீட்டுக்கு விளக்கு போயிற்று. அன்றைக்கு அஞ்சலாட்சி அழுத அழுகையில், "மணக்குள விநாயகர் மேல சத்தியமா இனிமே இத்தத் தொறக்க மாட்டேன்" என்று கொடுத்த வாக்கு. இப்போது அவர் தமக்குத்தாமே ஒரு விளக்கம் சொல்லிக்கொண்டார். திறக்கத்தானே மாட்டேன் என்றோம்? வால்வு வெளியில்தானே நிற்கிறது? பிடுங்கிச் சொருகுவது எப்படித் திறப்பதாகும்? விநாயகர் ஒன்றும் சொல்லவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை வந்தது. அன்றைக்கு அரைநாள்தான் ஆபீஸ். அஞ்சலாட்சி கிளம்பினாள். கன்னியப்பன் அட்டைப்பெட்டி இரண்டைக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு இரண்டு நல்ல இசைத்தட்டுகளை வாங்கிக்கொண்டு போனான். உள்ளே புதுக் குப்பிகள். கண்ணாடிமேல் மஞ்சள் எழுத்தில் பிரெஞ்சு வார்த்தைகள். தெய்வசிகாமணி அந்த எழுத்தையே பத்து நிமிஷம் வாசித்தார். 'பிரான்சில் செய்தது' என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. ஆனாலும் கவிதை மாதிரி இருந்தது.

"அணைச்சிட்டு நல்லா ஆற உட்டு கழட்டுங்கண்ணே" என்று கன்னியப்பன் சொல்லித்தான் போனான். ஆனால் கடைசியாக ஒருமுறை பழசின் சத்தத்தைக் கேட்டுவிட்டு அணைத்த தெய்வசிகாமணிக்கு, ஆறுகிறவரை பொறுக்க முடியவில்லை. எட்டு வருஷம் பாட்டை இழுத்த வால்வைக் கையால் பிடித்தார். விரல் இரண்டும் பொரிந்தன. 'ஸ்ஸ்' என்று உதறி, துண்டால் பிடித்து, மெல்ல ஆட்டி ஆட்டிப் பல் பிடுங்குவதுபோலப் பிடுங்கினார். காலெல்லாம் கறுத்துக் கிடந்தது. ஆளுக்கு ஒன்பது கால். புதுசுகளின் ஒன்பது காலும் வெள்ளிக் கம்பி. ஓட்டை பார்த்துச் சொருகினார். சுவிட்சைப் போட்டார். குப்பிகளில் வெளிச்சம் ஏறியது. நாயனத் தட்டில் முள்ளை வைத்தார்.

ஆகா!

ஐந்து நிமிஷம்தான் கேட்டார். மில் சங்கு ஊதியதும் அஞ்சலாட்சி வந்துவிடுவாள் என்று அணைத்துவிட்டார். ஆனால் அந்த ஐந்து நிமிஷத்தில் அவருக்குக் கேட்காதது எதுவுமில்லை. வாசிக்கிறவர் மூச்சு இழுத்தது கேட்டது. ஒத்து ஊதுகிறவர் பக்கத்து ஊர்க்காரர் என்பதுகூடக் கேட்டது. பழைய வால்வுகளைச் செய்தித்தாளில் சுற்றி, பரண்மேல் இருக்கும் தகரப் பெட்டியில் ஒளித்தார். அட்டைப்பெட்டிகளைக் கிழித்து அடுப்பில் போட்டார்.

அஞ்சலாட்சி வந்ததும் முதலில் பார்த்தது விரலைத்தான்.

"இன்னாங்க இது, கொப்புளம்?"

"தோசைக்கல்லு சுட்டுடுச்சு."

"தோசையா? நீங்களா?"

"பசிச்சுது. ஊத்திக்கினேன்."

"மாவு?"

"இருந்துதே."

"மாவு தீந்து மூணு நாளாச்சு."

தெய்வசிகாமணி கொஞ்சம் யோசித்தார். "அதான் கல்லு மட்டும் சுட்டுது" என்றார்.

அஞ்சலாட்சி அடுக்களைக்குப் போனாள். தேங்காயெண்ணெய் எடுத்து வந்து விரலில் தடவினாள். தடவும்போது அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்தார். நம்பிவிட்டாள் என்று நினைத்தார். ஒரு மனிதன் எவ்வளவு தூரம் தப்பாக நினைக்கலாம் என்பதற்கு அது ஒரு சின்ன உதாரணம்தான். பெரிய உதாரணம் மறுநாள் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஜானகிராமனைத் தாமே போய் அழைத்து வருவது என்று முடிவு செய்தார். அவர் வீடு முதலியார்பேட்டைக்கும் அப்பால். புது வால்வு நன்றாகச் சூடேறிப் பழகட்டும் என்று இரண்டு மணிக்கே செட்டைப் போட்டு வைத்துவிட்டு, "அத்த தொடாத, அஞ்சல" என்று சொல்லிவிட்டு சைக்கிளில் கிளம்பினார். ஜானகிராமன் அப்போதுதான் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தார். எழுந்து, முகம் கழுவி, வெற்றிலைப் பெட்டியைத் தேடி, ரிக்ஷா பிடித்து இவர்கள் வந்து சேர நாலு மணி ஆகிவிட்டது.

செட் அணைந்திருந்தது. கூடத்தில் செல்வாம்பாளின் புருஷன் பாவாடையும், இன்னும் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். பாவாடை மில்லில் வேலை பார்க்கிறவன். தறிச் சத்தத்தில் காது பாதி போய்விட்டது. ஆனாலும் ஒரு ஞாயிறுகூட வரத் தவறியதில்லை. யார் சிரித்தாலும் கூடச் சிரிப்பான்.

"ஏன் அணைச்ச?" என்று உள்ளே போய்க் கிசுகிசுத்தார் தெய்வசிகாமணி.

"அதச் சொல்லத்தான் காத்துனு இருந்தேன். இங்க பாருங்க, அந்த வால்வு..."

"எந்த வால்வு? வால்வப் பத்தி ஒனக்கு இன்னா தெரியும்? சுண்டல் ஆச்சா?"

"ஆச்சு. நான் சொல்றத ஒரு நிமிசம்..."

"பெரியவரு வந்து உக்காந்திருக்காரு. அப்புறமா சொல்லு."

அவர் வெளியே வந்து, வேட்டியை இறுக்கிக் கட்டி, சுவிட்சைப் போட்டார். வெளிச்சம் ஏறியது. முள்ளை வைத்தார்.

நாயனம் எழுந்தது. எழுந்தது என்றுதான் சொல்லவேண்டும். போன வாரம் படுக்கையிலிருந்து முனகியது, இந்த வாரம் எழுந்து நின்றது. சத்தம் கூடத்தை நிறைத்து, ஓட்டைத் தொட்டு, தெருவுக்குப் போனது. தெருவில் போன ஒருவர் சைக்கிளை நிறுத்தினார். ஜானகிராமன் கண்ணை மூடினார். அவர் கை தானாகத் தொடையில் தாளம் போட்டது. ஆலாபனை முடிந்ததும் கண்ணைத் திறந்தார்.

"த்ரே பியாங், சிகாமணி! ரொம்ப நல்லாருக்கு. ஜலதோஷம் போச்சு. இன்னா பண்ண?"

தெய்வசிகாமணிக்கு எட்டு வருஷம் காத்திருந்த கேள்வி. சத்தியத்தையும் மறந்தார், மனைவி அடுக்களை வாசலில் நிற்பதையும் மறந்தார்.

"பவர் வால்வு மாத்திட்டேன் சார்! பிரெஞ்சு. பழசுக்கும் இதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். சீவாளிமேல எச்சில் படுதே சார், அந்த ஈரம் கேக்குது எனக்கு!"

பாவாடை தன் காதைத் துடைத்துக்கொண்டான்.

ஜானகிராமன் மூக்கைச் சுளித்தார். "அது சரி, இது இன்னா ஒரு வாசன வருது?"

தெய்வசிகாமணியும் மோந்து பார்த்தார். வரத்தான் வந்தது. "அதான் சார் பிரெஞ்சு வால்வு. சூடேறுனா ஒரு வாசன உடும். நம்ம ஊரு வால்வுக்கு அது வராது."

"மண்ணெண்ண மாதிரி இருக்குதே?"

"அந்த மாதிரிதான் சார் இருக்கும். ஆனா அது இல்ல."

அஞ்சலாட்சி சுண்டல் தட்டுகளோடு வந்தாள். எல்லார் முன்னாலும் வைத்தாள். புருஷன் முன்னால் வைக்கும்போது மட்டும் ஒரு கணம் நின்றாள். அவர் கவனிக்கவில்லை. பேசிக்கொண்டிருந்தார்.

"பழசு இருக்குதா?" என்று கேட்டார் ஜானகிராமன். "அதையும் ஒருவாட்டி போடு. ரெண்டையும் அடுத்தடுத்துக் கேட்டாதான் நம்ம காதுக்கு நியாயம்."

"இதோ!" என்று எழுந்தார். நாற்காலி போட்டுப் பரணில் ஏறினார்.

"அது வேணாங்க" என்றாள் அஞ்சலாட்சி. "அதப் போடாதீங்க. கெட்டுப் போனது அது."

"கெட்டுப் போனதுன்னு காட்டத்தானே போடுறோம்!"

ஜானகிராமன் அவள் பக்கம் திரும்பினார். "ஏம்மா, ஒங்களுக்கு இன்னா தோணுது? போன வாரத்துக்கும் இந்த வாரத்துக்கும் வித்தியாசம் தெரியுதா?"

அவள் வாயைத் திறந்தாள். பரணிலிருந்து குரல் முந்தியது.

"அவளையா சார் கேக்கறீங்க? அவ காது தோடு போடறதுக்குத்தான்!"

பாவாடை சிரித்தான். மற்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். ஜானகிராமன் சிரிக்கவில்லை. அஞ்சலாட்சி திறந்த வாயை மூடிக்கொண்டாள். காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நிதானமாகத்தான் போனாள்.

தெய்வசிகாமணி செய்தித்தாள் பொட்டலத்தோடு இறங்கினார். இந்த முறை ஆறவிட்டு, துண்டு வைத்துக் கழற்றி, பொட்டலத்தில் இருந்ததைச் சொருகினார். பேச்சு வேகத்தில், கழற்றியதைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் மேசையில் மெத்தை போட்டு வைத்தார். முள்ளை வைத்தார். பாட்டுக்கு அடியில் ஒரு வண்டு 'ம்ம்ம்' என்று ரீங்கரித்தது. நாயனம் போர்வைக்குள்ளிருந்து வாசித்தது.

"கேட்டீங்களா? கேட்டீங்களா சார்? இந்தக் கெழட்டு வால்வத்தான் நாம எட்டு வருசமா சங்கீதம்னு கேட்டுனு இருந்தோம்!"

"ஆமாம்ப்பா" என்றார் ஜானகிராமன். "வித்தியாசம் நல்லாவே தெரியுது."

எல்லாரும் தலையாட்டினார்கள். தெய்வசிகாமணி அந்த வித்தியாசத்தைப் பற்றிக் கால்மணி நேரம் பேசினார். பேசிக்கொண்டே இருந்தபோது ஒரு வால்வின் உள்ளே இருந்த தகடு, கொல்லன் உலையில் வைத்த இரும்பு மாதிரி சிவந்தது. தீய்ந்த நாற்றம் வந்தது. அவர் பார்ப்பதற்கு முன்னால் அடுக்களையிலிருந்து அஞ்சலாட்சி வந்தாள். ஈரக்கையை முந்தானையில் துடைத்தாள். சுவர் சுவிட்சை அணைத்தாள். திரும்பிப் போனாள்.

"பாத்தீங்களா!" என்று கூவினார் தெய்வசிகாமணி. "நல்ல சரக்கு வந்ததைப் பாத்துட்டு, பழசு வெக்கத்துல உயிர உட்டுடுச்சு!"

சூடு ஆறியதும் இரண்டையும் துண்டில் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். பின்னாலேயே சபை வந்தது. எதிரே ஓடுகிற வாய்க்கால் சுவரில் ஓங்கி அடித்தார். 'டப்' 'டப்' என்று இரண்டும் சிதறின. பாவாடை கை தட்டினான். பிறகு உள்ளே வந்து, மெத்தையில் இருந்த ஜோடியைச் சொருகி, பொழுது சாயும்வரை நாயனம் கேட்டார்கள். போகும்போது ஜானகிராமன், "நாளைக்கு ஆபீசுல எல்லாருக்கும் சொல்றேன்" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

தெய்வசிகாமணி காற்றில் நடந்து அடுக்களைக்கு வந்தார். அஞ்சலாட்சி டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள்.

"சத்தியத்த மீறிட்டேன்னு கோவமா?"

"இல்ல."

"பின்ன? எப்படிக் கேட்டுது பாத்தியா?"

"பாத்தேன். பழசு நல்லாத்தான் கேட்டுது."

"பழசா? பழசுதான் புகைஞ்சுதே!"

"புகைஞ்சது புதுசுங்க."

அவர் சிரித்தார். "ஒனக்கு ஒண்ணும் புரியல. செட்டுல மொதல்ல இருந்தது..."

"பழசு."

"பொட்டலத்துல இருந்தது..."

"புதுசு. நான்தான் மாத்தி வச்சேன்."

அஞ்சலாட்சி அடுத்த டம்ளரை எடுத்தாள்.

"நீங்க சைக்கிள் எடுத்துனு போனீங்க. அரைமணி நேரம் ஆவல, ஒரு குப்பி உள்ளாற தகதகன்னு செவந்துபோச்சு. நெருப்பு புடிச்சுக்குமோன்னு பயந்துபோயி அணைச்சேன். பெரியவர கூட்டினு வரப் போயிருக்காரு, வந்து அசிங்கப்படப் போறாரேன்னு பரண்ல இருந்து பழச எடுத்தேன். காலெல்லாம் கரி புடிச்சாப்பல இருந்துது. பழைய பல் பிரஷ்ஷுல மண்ணெண்ண தொட்டுத் தேச்சேன். ஓட்டைக்குள்ளயும் ஊக்குல துணி சுத்தித் தொடச்சேன். காய வச்சு சொருவிட்டேன். எத்தனி வருசமா நீங்க அத்தக் கையக் காட்டிக் காட்டிப் பாடம் எடுக்கறீங்க. தெரியாதா எனக்கு?"

மண்ணெண்ணெய்! தெய்வசிகாமணியின் காது மடல் சூடாகியது. அந்த மாதிரிதான் சார் இருக்கும், ஆனா அது இல்ல. அவர் கடைசியாகக் கிடைத்த கிளையைப் பிடித்தார்.

"அப்ப அந்த பிரெஞ்சு எழுத்து? பொட்டலத்துல இருந்ததுல எழுத்தே இல்லையே. நான் பாத்தேனே!"

அஞ்சலாட்சி கொடியிலிருந்து ஒரு கந்தல் துணியை எடுத்து நீட்டினாள். அதில் மஞ்சளாக ஒரு தீற்றல்.

"இந்தாங்க. எண்ணெக் கை பட்டுருக்கேன்னு ஈரத்துணியால தொட்டேன். மொத்த பிரெஞ்சும் இதுல வந்துடுச்சு."

அவர் துணியை வாங்கிப் பார்த்தார். பிரான்சில் செய்தது அங்கே இருந்தது.

"நேத்தே ஒனக்குத் தெரியுமா?"

"திங்கக்கெழமையே தெரியும். செல்வாம்பாள் அழுதுனு வந்தா. 'யக்கா, ஒன் ஊட்டுக்காரரு வாழ்வு மாத்தப் போறாராம், பிரெஞ்சுக்காரி ஒருத்திய கன்னியப்பன் கொண்டாந்து உடறானாம்'னா. நான் சொன்னேன், 'அது வால்வுடி. வாழ்வு மாத்திக் குடுக்கறாங்கன்னா வரிசையில மொத ஆளா நான் நிக்கமாட்டேனா'ன்னு."

சாதாரண நாளாக இருந்தால் தெய்வசிகாமணி இதற்குச் சிரித்திருப்பார்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"மூணு தரம் வாயத் தொறந்தேன். மூணாவது தரம்தான் தோட்டப் பத்திப் பேசினீங்க." டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். "தோடு போடறதுக்குத்தான் காது. இல்லன்னு சொல்லல. ஆனா அதே காதுலதான் நீங்க பேசறதும் வந்து வுழுது."

அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவர் சண்டை போட்டிருப்பார், சண்டையில் தப்பித்திருப்பார். கூடத்துக்குப் போய் செட் எதிரில் உட்கார்ந்தார். அணைந்த குப்பிகளில் அவர் முகம் கோணலாகத் தெரிந்தது. இரண்டு குப்பியிலும் தெரிந்தது.

திங்கட்கிழமை ஆபீசுக்குப் போனால், ஜானகிராமன் சொன்னபடி எல்லாரிடமும் சொல்லியிருந்தார். இதுநாள் வரை அவரை ஏறெடுத்தும் பார்க்காதவர்கள் மேசையைச் சுற்றி நின்றார்கள். "முசியே சிகாமணிக்குக் காது இல்ல, கருவி" என்றார் ஒருவர். எட்டு வருஷம் எந்தப் புகழுக்கு ஏங்கினாரோ அது வந்து மடியில் உட்கார்ந்தது. முள் மாதிரி குத்தியது. அன்றைக்கு ஒரு ஆண் குழந்தையைப் பெண் என்று எழுதினார். உயிரோடு வந்து சான்று கேட்டவரை இறப்புப் பதிவேட்டில் தேடினார்.

மூன்றாம் நாள் வரிப் பிரிவு இராமதாஸ் வந்தார்.

"அண்ணே, எங்க அப்பாரு படுத்த படுக்கையா கெடக்காரு. அவருக்கு இருக்கிற ஒரே சந்தோசம் அந்த வால்வு ரேடியோதான். அதுவும் மொனவுது. கன்னியப்பன்கிட்ட அந்த பிரெஞ்சு வால்வு கேட்டிருக்கேன். சனிக்கெழம வந்து வாங்கிக்கறேன்னு சொல்லிட்டேன். நீங்க சொன்னா தப்பா இருக்காது இல்ல?"

"இருக்காது" என்று வாய் சொல்லிவிட்டது. இராமதாஸ் கும்பிட்டுவிட்டுப் போனார். தெய்வசிகாமணி பேனாவை மூடினார். படுக்கையில் கிடக்கிற ஒரு கிழவரின் தலைமாட்டில் சிவந்த தகடு ஒன்று தெரிந்தது. எழுந்து நேராகப் பழைய பதிவேட்டு அறைக்குப் போனார். அங்கே ஜானகிராமன் ஏதோ கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார். கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னார். தோசைக்கல் முதல் வாய்க்கால் வரை. மண்ணெண்ணெயைச் சொல்லும்போது குரல் தேய்ந்துவிட்டது. தோட்டைச் சொல்லும்போது நின்றே போயிற்று.

ஜானகிராமன் சிரிப்பார் என்று எதிர்பார்த்தார். சிரித்திருந்தால் பாதி பாரம் இறங்கியிருக்கும். அவர் சிரிக்கவில்லை.

"அப்ப நான் கேட்ட நல்ல நாயனம், அந்த அம்மா கை வேல."

"ஆமா சார்."

"இத அவங்ககிட்ட சொன்னியா? தப்புன்னு?"

"இன்னும் இல்ல சார்."

"எங்கிட்ட எதுக்கு மொதல்ல வந்த? நானா அந்த வார்த்தைய வாங்கிக்கினேன்? போ. இராமதாசுகிட்ட சொல்லிட்டு நேரா ஊட்டுக்குப் போ."

இராமதாசிடம் சொல்வது சுலபமாக இருந்தது. அவர் வாயைப் பிளந்தார். பிறகு, "நல்ல வேள" என்றார். வீட்டில் சொல்வதுதான் கஷ்டம். சைக்கிளை மிதித்துக்கொண்டே வழியெல்லாம் ஒத்திகை பார்த்தார். 'அஞ்சல, நான் அன்னைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.' சுலபமான வாக்கியம். ஆனால் அடுக்களை வாசலில் நின்றதும் அதிலிருந்து பாதி வார்த்தைகள் காணாமல் போய்விட்டன.

"அஞ்சல."

"இன்னா, சீக்கிரமே வந்துட்டீங்க?"

"ஒன் காது... ரொம்ப நல்ல காது."

அவள் கரண்டியோடு திரும்பினாள். "ஒடம்புக்கு இன்னா?"

"அப்படிச் சொன்னது தப்பு. எல்லார் எதிர்லயும் சொன்னது இன்னும் தப்பு. ஆபீசுல பெரியவர்கிட்ட எல்லாத்தயும் சொல்லிட்டேன். நீதான் சரி பண்ணேன்னு சொல்லிட்டேன்."

அஞ்சலாட்சி கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள். குழம்பை ஒரு சொட்டு கரண்டியில் எடுத்து ஊதி அவர் உள்ளங்கையில் விட்டாள்.

"உப்பு சரியா இருக்குதான்னு பாத்து சொல்லுங்க."

உப்பு அதிகம். "சரியா இருக்குது" என்றார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முகத்தை அடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஆனாலும் தோள் குலுங்கியதை அவர் பார்த்தார். நாலு நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவருக்குச் சோறு இறங்கியது. உப்புக்கு நிறையத் தண்ணீரும் இறங்கியது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. இனி யாரும் வரமாட்டார்கள் என்று தெய்வசிகாமணி நினைத்திருந்தார். வந்தால் எந்த முகத்தோடு எதிரில் உட்காருவது என்றும் நினைத்திருந்தார். மூன்றரை மணிக்கே வாசலில் ரிக்ஷா மணி கேட்டது. ஜானகிராமன் இறங்கினார். அவர் கையில், ஈரிழைத் துண்டில் சுற்றிய ஒரு பெட்டி. துண்டு ஓரத்தில் ஒரு ரேடியோவின் குமிழ் எட்டிப் பார்த்தது.

"இராமதாசு குடுத்தாரு" என்றார். "அவங்க அப்பாரு ரேடியோ."

தெய்வசிகாமணிக்குக் கண் நிறைந்துவிட்டது. மன்னித்துவிட்டார்கள். இத்தனைக்கும் பிறகு நம்மை நம்பிக் கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். இதுதான் பெரிய மனுஷத்தனம். ஓடிப்போய், சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துக்கொண்டு, இரண்டு கையையும் நீட்டினார்.

"குடுங்க சார், நான் பாத்துக்கறேன்!"

ஜானகிராமன் பெட்டியைச் சட்டென்று நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அவர் தோளுக்கு மேலாக உள்ளே எட்டிப் பார்த்தார்.

"நீ போயி காப்பி போடு சிகாமணி. அம்மா இருக்காங்களா?"